கருவிக்குத் தெரியாத எழுத்து

மார்ச் 4

வாலு,

உன் மாமாவை, என் புருஷனை, சிறையில் தள்ளியது நீதான்.

போலீஸ் இல்லை, கம்பெனியும் இல்லை, நீ. நேற்று வக்கீல் ஒரு ஆய்வக அறிக்கையைக் காட்டினார். "ஆப்பரேட்டர் பதிந்த எழுத்து எதுவும் நினைவகத்தில் காணப்படவில்லை" என்று அதில் ஒரு வரி. கீழே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்து ஒரு சுழி. அந்தச் சுழியை நீ போடாதே, அசிங்கமாக இருக்கிறது என்று உன் தலையில் குட்டியவள் நான். இன்னும் அதே சுழி.

தெரியாது என்று சொல்வாய். அதனால் எழுதுகிறேன். நாங்கள் வேலை செய்யும் குளிர்பதனக் கிடங்கில் ஒன்றாம் அறைக் குழாய் வெடித்து அம்மோனியா வாயு பரவியது. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவன் செத்துப்போனான். எப்போதும் எதையாவது பாடிக்கொண்டிருப்பான், அதனால் அவனை எல்லாரும் பாட்டுக்காரன் என்போம். வாயு கசிந்தால் கத்த வேண்டிய அலாரம் அன்றைக்குக் கத்தவில்லை. மெஷின் ரூம் ஆப்பரேட்டர் உன் மாமா. அலாரத்தை அணைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார் என்று வழக்கு.

அவர் சொன்னார். ஒவ்வொரு முறை வாயு கசிந்தபோதும் சூப்பர்வைசரிடம் சொன்னார். வாயில் சொன்னதோடு விடாமல் மெஷின் ரூமில் இருக்கிற கன்ட்ரோல் பெட்டியின் திரையிலும் குறிப்பு அடித்து வைத்தார். அலாரத்தை நிறுத்த வேண்டுமானால் அந்தத் திரையில் எதையாவது அடித்தே ஆக வேண்டும். மற்ற ஆப்பரேட்டர்கள் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போவார்கள். இவர் உட்கார்ந்து எழுதுவார். அது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். நீ இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாய்.

உனக்கு அவரை என்றைக்குமே பிடிக்காது. கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. "மெஷினுக்கு எண்ணெய் போடுறவன்தான் கிடைச்சானா?" என்று கேட்டாய். நான் மறக்கவில்லை. ஆனால் பிடிக்காததற்கு இப்படியா பழி வாங்குவது?

போன் செய்யாதே. அவர் போனோடு என் போனையும் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. கம்பெனிக் குடியிருப்பு முகவரிக்கும் எழுதாதே. அங்கே வரும் தபால் கேட் ஆபீஸ் வழியாகத்தான் வரும், ஒட்டு பிரிந்து வரும். பின்புறம் எழுதியிருக்கும் தையல் கடை முகவரிக்கு அனுப்பு. தையல்காரம்மா நல்லவர். பயந்தவரும்கூட. அவர் மகனும் இங்கேதான் வேலை பார்க்கிறான்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தை ஆய்வகக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். கேமரா இல்லாத இடம் அது ஒன்றுதான். படித்து முடித்ததும் அந்த அறிக்கையை வரி வரியாக ஞாபகப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "உள்ளே குடித்தனமா நடத்துறீங்க?" என்று கேட்ட பிறகுதான் வந்தேன்.

எனக்குத் தெரியாது. நம்பினால் நம்பு. எங்களுக்கு வருகிற கோப்பில் கம்பெனி பெயர் இருக்காது, ஊர் இருக்காது. ஒரு எண் இருக்கும். "இதில் ஆப்பரேட்டர் அடித்த எழுத்து இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி இருக்கும். அவ்வளவுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் உன் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நான் பொய் எழுதவில்லை. என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேள். அந்தப் பெட்டியின் நினைவகத்தை அப்படியே நகலெடுத்து ஒரே கோப்பாக அனுப்பியிருந்தார்கள். அது காகிதம் மாதிரி திறந்து படிக்கிற பொருள் இல்லை. வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. எண்கள், மெஷினுக்கான கட்டளைகள், அழிந்தும் அழியாமலும் கிடக்கிற பழைய குப்பை. நடுவே எங்காவது மனிதர் படிக்கிற எழுத்தும் இருக்கலாம். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற சின்னக் கருவி அந்தச் சாக்கைச் சலித்து, எழுத்து மாதிரி இருப்பதை மட்டும் வெளியே கொட்டும். கொட்டியதில் 'கிரெப்' என்ற இன்னொரு கருவியை விட்டு, வேண்டிய சொல்லைத் தேடுவோம். வாயு, கசிவு, வாசம், வால்வு, எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினேன். மெஷின் தனக்குத்தானே எழுதிக்கொண்ட வரிகள் வந்தன. மனிதன் எழுதியது ஒன்றும் வரவில்லை. வராததை வரவில்லை என்று எழுதினேன்.

கல்யாணத்துக்கு வராதது தப்புதான். அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடு. பழி வாங்கினேன் என்று மட்டும் சொல்லாதே.

கோப்பின் நகல் இன்னும் இங்கே இருக்கிறது. வழக்கு முடியும்வரை வைத்திருப்போம் என்று பேச்சு. ஆனால் அனுப்பிய கம்பெனி கேட்டால் எங்கள் பொறுப்பாளர் சார் அழித்துவிடுவார். எனவே சிறைக்குப் போய் உன் வீட்டுக்காரரைப் பார். என்ன அடித்தார், என்ன வார்த்தை போட்டார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுது. சுருக்கி எழுதாதே. எது உபயோகப்படும் என்று எனக்கே தெரியாது.

உன் தங்கை


மார்ச் 14

வாலு,

"உன் வீட்டுக்காரர்" என்று எழுதியிருக்கிறாய். மாமா என்று எழுத வரவில்லை, இல்லையா? சரி, இருக்கட்டும்.

பார்த்துவிட்டு வந்தேன். இளைத்திருக்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு முதல் கேள்வியே, "கம்ப்ரசர் சத்தம் இப்ப எப்படி இருக்கு?" என்றுதான். என்னைக் கேட்கவில்லை, பார்த்துக்கொள். நான் திட்டின பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

நீ கேட்டதைக் கேட்டேன். நாலைந்து குறிப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். வால்வு பக்கம் வாசம் வருகிறது என்று ஒன்று. சூப்பர்வைசரிடம் சொன்னேன், லோடு போகட்டும் என்றார் என்று ஒன்று. கடைசியில் அலாரம் ஒயரை அந்த ஆளே கழற்றினான் என்று ஒன்று. "அதையுமா அடிச்சீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "அதை யாரு படிக்கப்போறா? மேல இருக்கறவன் ஒருத்தனும் அந்தக் குறிப்பைத் தொறந்ததே கிடையாது. மனசுல இருக்கறதைக் கொட்டுறதுக்கு ஒரு இடம், அவ்வளவுதான்" என்றார். அங்கே வேறு சிலருக்கும் அது பழக்கமாம். மெக்கானிக்குகள் சம்பள உயர்வு வராததற்கு அதில் திட்டி எழுதி வைப்பார்களாம்.

சுருக்காதே என்றாய், எனவே இதையும் எழுதுகிறேன். அவர் அடிப்பதை சூப்பர்வைசர் கிண்டல் செய்வானாம். திரையில் நம் எழுத்தைத் தேடித்தேடி ஒற்றை விரலால் அடிப்பார் இல்லையா. "என்னய்யா, காதல் கடிதமா எழுதுறே? கொம்பு, கால் எல்லாம் கரெக்டா போடு, அவ கோவிச்சுக்கப் போறா" என்பானாம். நம் எழுத்தில் அடிக்கிற வசதியைக் கம்பெனிதான் போட்டுக் கொடுத்தது. உங்கள் மொழியில் உங்கள் பாதுகாப்பு என்று கேட்டில் பெரிய போஸ்டர் ஒட்டினார்கள். இன்னும் கிழியவில்லை.

அந்த சூப்பர்வைசர் நேற்று வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு காகிதம். அவர் கொஞ்ச நாளாகவே குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். தண்டனை குறையுமாம். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்றான். குடிப்பழக்கமே இல்லாத மனுஷன் மேல். போடமாட்டேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. எழுந்து நின்று வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். சமையல் மேடை, கட்டில், ஜன்னல் எல்லாவற்றையும். பிறகு போய்விட்டான். அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இன்றைக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன். போகாவிட்டால் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்வார்கள். ஒன்றாம் அறையில் ஆய்வாளர்கள் அளந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் எங்கள் எல்லாரையும் இரண்டாம் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். எதிர் டீக்கடையில் ஒருத்தன் உட்கார்ந்து என் ஜன்னலையே பார்க்கிறான். டீ குடிக்கவே இல்லை.

அக்கா


மார்ச் 19

அக்கா,

நீ சுருக்காமல் எழுதியதற்கு உன் காலில் விழ வேண்டும். "நம் எழுத்தைத் தேடித்தேடி" என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். அந்த இடத்தை மூன்று முறை திரும்பப் படித்தேன்.

நான் பயன்படுத்திய கருவிக்கு எழுத்து என்றால் ஆங்கில எழுத்து. அது பிறந்த இடத்தில் வேறு எழுத்து எழுதுகிற மனிதர்களைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. நம் எழுத்து ஒவ்வொன்றும் கணினிக்குள் மூன்று துண்டாக உட்கார்ந்திருக்கும். அந்தத் துண்டுகளை அது எழுத்து என்றே ஒத்துக்கொள்ளாது. சலித்து, தூசி என்று கீழே தள்ளிவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று சொல்லும். அதற்கு வேறு விதமாகவும் கட்டளை கொடுக்கலாம். நான் கொடுக்கவில்லை. தேடிய வார்த்தைகளும் ஆங்கிலம். நான், உன் தங்கை, வீட்டில் இந்த மொழியில் சண்டை போடுகிறவள், இந்த மொழியில் ஒருவன் மெஷினுக்குள் எழுதியிருப்பான் என்று நினைத்தே பார்க்கவில்லை. படித்த படிப்பு அப்படி.

நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் அந்தக் கோப்பின் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்ட்ரிங்ஸை ஒதுக்கிவிட்டு, கிரெப்பில் நேராக 'வாசம்' என்று நம் எழுத்தில் அடித்தேன். பொத்தானைத் தட்டினேன். ஒரே ஒரு வரி வந்தது. பைனரி கோப்பு, பொருந்துகிறது. அவ்வளவுதான் சொல்லும். இந்த மாதிரிக் கோப்பில் சொல் கிடைத்தால், "இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும், காட்டாது. காட்டச் சொல்ல கட்டளையில் இன்னும் ஒரு எழுத்து சேர்க்க வேண்டும்.

சேர்க்கப் போனபோது நாற்காலிக்குப் பின்னால் மூச்சு கேட்டது. பொறுப்பாளர் சார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"இது முடிஞ்ச கேஸாச்சே?"

"ஒரு சந்தேகம் சார். நான் வேற எழுத்துல தேடிப் பார்க்கலை."

"என்னென்ன வார்த்தை தேடினேன்னு அறிக்கையிலே எழுதியிருக்கேல்ல?"

"எழுதியிருக்கேன் சார்."

"அந்த வார்த்தைங்க இல்லதானே?"

"இல்ல சார்."

"அப்ப அறிக்கை பொய்யில்லை. கேட்டதுக்குப் பதில் சொல்றதுதான் நம்ம வேலை. கேக்காததை எல்லாம் தோண்டினா, அடுத்த கேஸ் இங்க வராது. புரியுதாம்மா?"

அம்மா என்றுதான் சொன்னார். திரையை மூடினேன்.

இருக்கிறது, அக்கா. உன் வீட்டுக்காரர் சொன்னது உள்ளே இருக்கிறது. என்ன எழுதினார் என்று நான் இன்னும் பார்க்கவில்லை. எப்படியாவது பார்த்து எடுத்துவிடுவேன். அதுவரை ஒருவரிடமும் மூச்சுவிடாதே. தையல்காரம்மாவிடம்கூடச் சொல்லாதே. முக்கியமாக அந்த சூப்பர்வைசரிடம் முகத்தில்கூடக் காட்டாதே. உன் முகத்தில் எதுவும் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

உன் தங்கை


மார்ச் 24

வாலு,

கோபப்படாமல் படி. சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் அவன் எல்லாருக்கும் முன்னால் நின்று, "குடிகாரன் பொண்டாட்டிக்கு இன்னும் கொழுப்பு குறையலை" என்றான். பாட்டுக்காரனின் பெண்டாட்டியும் அங்கே இருந்தாள். அவள் இப்போது என் பக்கத்தில்தான் பெட்டி அடுக்குகிறாள், என்னோடு பேசுவதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீ பார்த்திருந்தால் நீயும் சொல்லியிருப்பாய். "அவர் அடிச்சு வச்சது எல்லாம் அப்படியே இருக்கு, என் தங்கச்சி கண்டுபிடிச்சுட்டா. ஒயரைக் கழட்டினது யாருன்னு ஊரே படிக்கப்போவுது" என்று கத்திவிட்டேன்.

கத்தி முடித்தபோது எனக்கே காது அடைத்தது. அவன், "தங்கச்சியா? அங்கயா வேலை பாக்குது?" என்று மட்டும் கேட்டான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

தெரியும். முட்டாள்தனம். நீ திட்டுவதற்கு முன்னால் நானே என்னைத் திட்டித் தீர்த்துவிட்டேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அதை மட்டும் முதலில் எழுது.

ஒரு நல்லது நடந்தது. பாட்டுக்காரன் பெண்டாட்டி அன்று சாயங்காலம் பக்கத்தில் வந்து, "நெசமாவா அக்கா?" என்று கேட்டாள். நெசம்தான் என்றேன். அழுதாள். என்னைத் தொட்டு அழுதாள்.

என்னை இரண்டாம் அறையில் உள்கோடிக்குப் போட்டிருக்கிறார்கள். கதவிலிருந்து ரொம்ப தூரம், அடுக்குகளுக்கு நடுவே. இரண்டு நாளாக அங்கே எனக்குக் கண் எரிகிறது. மற்றவர்களுக்கும்தான். சொன்னோம். சுவரில் வாயுப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறது, கசிந்தால் சிவப்பாகிக் கத்தும். அது பச்சையாகத்தான் எரிகிறது. "பச்சை எரியுது பாருங்கம்மா, அப்புறம் என்ன பயம்? குளிருல கண்ணு எரியத்தான் செய்யும்" என்றார்கள். நான் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறேன். அது இருக்கிற வரைக்கும் தைரியமாக இருக்கிறது.

எழுது. நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரியாவது.

அக்கா


மார்ச் 28

அக்கா,

முதல் வேலையாக இதைச் செய். இரண்டாம் அறைக்குள் போகாதே. இந்தக் கடிதத்தைத் தையல் கடையில் நின்று படிக்கிறாய் என்றால், வீட்டுக்கும் போகாதே, வேலைக்கும் போகாதே. உன்னோடு அடுக்குகிறவர்களையும் நிறுத்து. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

நீ கத்திய செய்தி உன் கடிதத்துக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. நேற்றுக் காலையில் என் மேசையில் கணினி இல்லை. ஒயர் மட்டும் தொங்கியது. "உறவுக்காரங்க கேஸைத் தொட்டிருக்கே, சொல்லவே இல்லையேம்மா" என்றார் சார். கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது. நான் வேலையில் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாளே, அவர் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், அந்த ஒரு எழுத்தையும் சேர்த்து அடித்துவிட்டேன். திரையில் வந்ததைப் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்துவிட்டேன். வக்கீலுக்கு ஒரு பிரதி போய்விட்டது. மாமா வெளியே வந்துவிடுவார்.

குப்பைக்கு நடுவே நம் எழுத்து வந்தது, அக்கா. புரியாத குறிகள், கட்டங்கள், கிறுக்கல், திடீரென்று ஒரு மனிதன் பேசுகிறான்.

"ஒண்ணாம் ரூம் வால்வுகிட்ட வாசம். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். பாக்கலாம்னார்."

"மறுபடி வாசம். கண்ணு எரியுது. சொன்னேன். லோடு போகட்டும்னார்."

"அலாரம் ஒயரைக் கழட்டச் சொன்னார். மாட்டேன்னேன். அவரே கழட்டிட்டார்."

"பாட்டுக்காரன் இருமுறான். இன்னிக்குப் பாடலை."

அந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டாவது முறையும் படம் எடுத்தேன். பாடவில்லை என்பதைக்கூட ஒருத்தர் கவனித்து மெஷினிடம் சொல்லியிருக்கிறார். அவரைத்தான் எண்ணெய் போடுகிறவன் என்றேன்.

அத்தோடு முடியவில்லை. மீதிப் படங்களை இன்று காலைதான் முழுதாகப் படித்தேன். விபத்துக்குப் பிறகுதான் அந்த நினைவகத்தை நகலெடுத்திருக்கிறார்கள். அதனால் விபத்துக்குப் பிறகு எழுதிய ஒரு குறிப்பும் அதில் இருக்கிறது. மாமா எழுதியது இல்லை. யாரோ ஒரு மெக்கானிக், தன் பெயர் போடாமல். எழுதியபடியே தருகிறேன்:

"ஆபீசர் வந்து பாக்கறதுக்காக ரெண்டாம் ரூம் சென்சாரைக் கழட்டி ஒண்ணாம் ரூமுக்கு மாட்டியாச்சு. ரெண்டுல இப்ப வெறும் டப்பா. பச்சை லைட்டுக்கு நேரா கரண்ட் குடுத்திருக்கு. எப்பவும் எரியும். சூப்பர்வைசர் சொல்லித்தான் செஞ்சேன். புதுசு வந்ததும் மாத்தணும். யாராவது பாத்தா ஞாபகப்படுத்துங்க."

நீ பார்த்துக்கொண்டே வேலை செய்கிற அந்தப் பச்சை, பொய். அறை முழுக்க வாயு நிறைந்தாலும் அது பச்சையாகத்தான் எரியும். உன் கண் சொல்வதுதான் நிஜம். கண் எரிகிறது என்றால் கசிகிறது.

உன் கடிதம் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. நான் அதைப் படிக்கும்போதே நீ நான்கு நாள் அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறாய். உடனே கிடங்குக்குப் போன் செய்தேன். கேட் ஆபீஸில் எடுத்தார்கள். "வேலை நேரத்துல யாரையும் கூப்பிட முடியாது. நீங்க யாரு, என்ன உறவு, எந்த ஊர்லேருந்து?" இரண்டாம் அறையைக் காலி செய்யுங்கள் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. வக்கீலும் எடுக்கவில்லை, தையல் கடை எண் என்னிடம் இல்லை. தீயணைப்புக்குக் கூப்பிட்டேன். "புகாரை எழுத்துல குடுங்க" என்றார்கள். எழுத்தில்தானே இருந்தது! எழுதி எழுதி வைத்திருந்தார்கள். ஒருத்தன் படித்தானா?

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், அந்த வண்டி இன்று மாலையே கிளம்புகிறது. பயணிகள் பஸ் நாளைக் காலைதான். எனவே இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வரும். பின்னாலேயே நான் வருகிறேன்.

உன் தங்கை


மார்ச் 28

வாலு,

நீ எழுதவில்லை. அதனால் மறுபடி நானே எழுதுகிறேன். இதற்கும் பதில் இல்லையென்றால் நான் கிளம்பி வந்துவிடுவேன்.

உனக்கு என்ன ஆனது என்ற பயத்தில் எனக்கு இங்கே நடப்பது பாதி உறைக்கவில்லை. அதுவும் நல்லதுதான். டீக்கடை ஆளைக் காணோம். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. இருந்தபோது பயமாக இருந்தது. இல்லாதபோது அதைவிட.

பெரிய லோடு ஒன்று போக வேண்டுமாம். நாளையும் நாளை மறுநாளும் இரட்டை ஷிப்ட். நடுவில் வெளியே விடமாட்டார்கள், சாப்பாடு உள்ளேயே வரும். அதனால் தையல் கடைக்கு வர முடியாது. உன் கடிதம் வந்தாலும் முடித்துவிட்டுத்தான் எடுப்பேன். முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "உன் வீட்டு சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டான் அவன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்கு எரிச்சல் அதிகம். பாட்டுக்காரன் பெண்டாட்டிக்கு இருமல் நிற்கவில்லை. அவளைக் கதவுப் பக்கம் அனுப்பிவிட்டு அவள் இடத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். அவள் வீட்டில் ஒரு சாவு போதும். பச்சை எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ பழி வாங்கினாய் என்று எழுதினேன் இல்லையா, அதை நான் நம்பவில்லை. எழுதும்போதே நம்பவில்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. என் கோபத்தைத் தாங்கக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்.

அவர் வெளியே வந்ததும் நீ வந்து எங்களோடு கொஞ்ச நாள் இரு. மாமா என்று கூப்பிட்டுப் பழகிக்கொள்.

அக்கா


மார்ச் 30
கிடங்கு வெளிவாசல்

அக்கா,

வக்கீலுக்காக எடுத்து வந்த இன்னொரு நகலின் பின்புறத்தில் எழுதுகிறேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே தையல் கடைக்குப் போனேன். என் கடிதம் துணிகளுக்கு நடுவே கிடக்கிறது. பிரிக்கவில்லை. "நேத்திலேருந்து இந்தப் பக்கமே வரலைம்மா. ரெட்டை ஷிப்டுன்னு சொன்னா. எம்புள்ளையும் உள்ளதான் இருக்கான்" என்றார் அந்த அம்மா. குறிப்பைப் படித்துக் காட்டினேன். ஊசியை அப்படியே துணியில் விட்டுவிட்டு என்னோடு ஓடி வந்துவிட்டார். பக்கத்தில் நிற்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

கேட்டைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள். போஸ்டரை இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன். உங்கள் மொழியில் உங்கள் பாதுகாப்பு. அதன் கீழே நின்று நம் மொழியில் தொண்டை கிழியக் கத்திவிட்டேன். "ரெண்டாம் ரூமா? இப்பதான் போன் பண்ணிக் கேட்டோம், பச்சை எரியுதாம்மா" என்கிறான் காவலாளி. தீயணைப்பு வண்டி வருகிறது என்கிறார்கள். இன்னும் வரவில்லை.

ஒன்றாம் அறைப் பக்கத்து ஆட்கள் சிலர் வெளியே வந்தார்கள். வாயைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள். உன்னைத் தெரியுமா என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டேன். "உள்கோடியில இருப்பாங்க" என்றான் ஒருவன். நிற்காமல் போனான்.

எனக்கு இங்கேயே, வாசலிலேயே, கண் எரிகிறது.

காவலாளிக்கு என்னைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. சீட்டு கொடுத்தால் உள்ளே அனுப்பிப் பார்க்கிறேன் என்கிறான். எனவே இதை அனுப்புகிறேன். யார் கையில் கிடைத்தாலும், படிக்கிறவர் முதலில் கதவைத் திறந்துவிட்டு அப்புறம் அக்காவிடம் கொண்டுபோங்கள்.

அக்கா, மாமா நல்லவர். அதை நான் நேரில் சொல்ல வேண்டும். பச்சையைப் பார்க்காதே. பெட்டியைக் கீழே போடு. எழுந்து நடக்க முடியாவிட்டால் இந்தத் தாளில் ஒரு எழுத்து கிறுக்கி அனுப்பு, எந்த எழுத்தானாலும் சரி, எவ்வளவு குப்பைக்கு நடுவே இருந்தாலும் இந்த முறை நான் விடமாட்டேன். நடக்க முடிந்தால் அதுகூட வேண்டாம்.

வெளியே வா.